தவளைக்குக் கட்டிய மஞ்சள் கயிறு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, வைகாசி மாதம் நடந்தது இது. நல்லம்பள்ளியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். சாமந்தியும் தக்காளியும் போட்டுப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. அந்த வருடம் கோடை மழை என்று ஒரு தூறல்கூட விழவில்லை. கிணறு எப்போதோ கையை விரித்துவிட்டது. போர்வெல்லில் கொஞ்ச நேரம் தண்ணீர் வந்தால், மிச்ச நேரமெல்லாம் வெறும் காற்றுதான். மத்தியானமானால் மேகம் கூடும். நான் ஓடிப்போய்க் காயப்போட்ட துணியை எல்லாம் வாரிக்கொண்டு வருவேன். மேகம் அப்படியே அரூர் பக்கம் நழுவிவிடும். அதே துணியைத் திரும்பக் கொடியில் போடும்போது எனக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அதை என் வீட்டுக்காரரிடம்தான் காட்டுவேன். வானத்திடம் காட்ட முடியுமா?

ஊரில் இருக்கிற எல்லா சாமிக்கும் பொங்கல் வைத்தாகிவிட்டது. கடைசியில், தவளைக்குக் கல்யாணம் செய்துவைக்கலாம் என்று பேச்சு வந்தது. தவளை கத்தினால் மழை வரும், ஜோடி சேர்த்துவைத்தால் தவளை கத்தும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். நட்ட நாற்று கண்ணெதிரே கருகுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களுக்குச் சிரிப்பு வராது.

தவளையைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. முன்பெல்லாம் வயலில் கால் வைத்தால் நாலு தவளை குதித்து ஓடும். இப்போது ஊரே தேடியும் கிடைக்கவில்லை. ஒருவழியாகத் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிற சேற்றில் ஒன்றும், கோயில் கிணற்றின் அடி ஈரத்தில் ஒன்றும் கிடைத்தன. இரண்டும் கை கொள்ளாத அளவு பெரிய தவளைகள். பச்சையும் பழுப்புமான உடம்பில், முதுகின் நடுவே கோடு போட்ட மாதிரி ஒரு வெள்ளை வரி. இருப்பதில் பெரியது மாப்பிள்ளை, சின்னது பெண் என்று முடிவு செய்தோம். அதில் யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

எனக்கு இரண்டும் பையன்கள். "உனக்குத்தான் பொண்ணு இல்லியே, நீயே பொண்ணுக்கு அம்மாவா நில்லு" என்று எல்லோரும் என்னைத் தள்ளிவிட்டார்கள். எதிர்வீட்டு அக்கா மாப்பிள்ளைக்கு அம்மா. அன்றிலிருந்து அந்த அக்கா எனக்குச் சம்பந்தி. இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

வெள்ளிக்கிழமை காலையில் மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் கல்யாணம். விளையாட்டாக ஆரம்பித்ததுதான். ஆனால் தவளையைத் தாம்பாளத்தில் வைத்து என் கையில் கொடுத்ததும் எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. அதன் தொண்டை வேகவேகமாகத் துடித்தது. அது பயம் என்று இப்போது தெரிகிறது. அப்போது, கல்யாணப் பெண்ணுக்கு வெட்கம் என்று சொல்லிச் சிரித்தோம். தீர்த்தமலையிலிருந்து யாரோ பாட்டிலில் கொண்டுவந்து வைத்திருந்த தீர்த்தத்தைத் தெளித்தோம். துண்டு மஞ்சள் கோத்த கயிற்றைப் பூசாரி பெண் தவளையின் இடுப்பில் கட்டினார். குலவை போட்டோம். கேசரி கிளறிக் கொடுத்தோம். சம்பந்தியும் நானும் சீர்வரிசையில் குறை சொல்லிச் சண்டைகூடப் போட்டுக்கொண்டோம். நிஜக் கல்யாணத்தில் இவ்வளவு சந்தோஷமாகச் சண்டை போட முடியாது.

எல்லாம் முடிந்து, ஜோடியை எங்கே விடுவது என்ற கேள்வி வந்தது. பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அதற்கு என் வீட்டுக்காரர், "புதுசா கண்ணாலம் ஆனதுங்களைச் சேத்துலயா வுடறது? நம்ம குட்டையில வுடலாங்க. ஊர்லயே அங்கதான் தண்ணி தெளிவா நிக்குது" என்றார்.

குட்டை என்றால் எங்கள் தோட்டத்துப் பண்ணைக்குட்டை. போர்வெல் தண்ணீரைத் தேக்கி, சொட்டுநீர்ப் பாசனத்துக்கு விடுவதற்காக வெட்டியது. தண்ணீர் மண்ணில் இறங்கிவிடக் கூடாது என்று அடியிலிருந்து கரை வரைக்கும் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் போர்த்தியிருக்கிறோம். நான்கு பக்கமும் சரிவு செங்குத்தாக இறங்கும். ஆடு, மாடு, குழந்தைகள் விழுந்துவிடக் கூடாது என்று சுற்றிக் கம்பிவேலி. அந்தக் குட்டையில் எங்களுக்கு ஏகப்பட்ட பெருமை. எங்கள் குட்டைக்கு மணமக்கள் வருகிறார்கள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரே ஊர்வலமாக எங்கள் தோட்டத்துக்கு வந்தது.

விடுவதற்கு முன்பு பூமாலையை எடுத்துவிட்டோம். சம்பந்தி மஞ்சள் கயிற்றையும் அவிழ்க்கப் போனாள். நான்தான் கையைத் தட்டிவிட்டேன்.

"தாலியை யாராச்சும் கழட்டுவாங்களாக்கா? நல்ல நாளும் அதுவுமா!"

அவளும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கயிறு அப்படியே இருந்தது. இரண்டையும் கரையில் விட்டதும் ஷீட்டில் சறுக்கிக்கொண்டே போய்த் தண்ணீரில் விழுந்தன. எல்லோரும் கைதட்டினோம். சறுக்கிக்கொண்டு போனதைப் பார்த்தோமே, அது எப்படித் திரும்பி ஏறும் என்று அங்கே நின்ற ஒரு தலைக்கும் தோன்றவில்லை.

யாரோ எடுத்த வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றியது. அடுத்த நாளே என் வீட்டுக்காரருக்கு ஒரு போன். வனக்காவலர் பேசினார். குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் இருந்தது. "தவக்களைங்களைப் பிடிக்கக் கூடாதுன்னு தெரியாதுங்களா? அது வனவிலங்குச் சட்டத்துல இருக்கிற உயிருங்க. இனிமேட்டு ஒருத்தரும் அது மேல கை வெக்கக் கூடாது. வெச்சா கேஸுதான்."

மானுக்கும் மயிலுக்கும் சட்டம் இருப்பது எங்களுக்குத் தெரியும். தவளைக்கும் இருக்கிறது என்று அன்றுதான் கேள்விப்பட்டோம். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. என் வீட்டுக்காரருக்கோ பயம் பிடித்துக்கொண்டது. பக்கத்து ஊரில் ஒருவர் தோட்டத்தில் மயில் செத்துக் கிடந்து, அவர் பட்ட அலைச்சலை நேரில் பார்த்தவர் இவர். "வேணாம்மா. இனிமேட்டு அது பக்கமே போவ வேணாம். அதும்பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும்" என்றார்.

கல்யாணம் முடிந்து ஒரு வாரம் ஆவதற்குள் மழை வந்துவிட்டது. எப்படிப்பட்ட மழை! பிற்பகலில் இருட்டிக்கொண்டு வந்தது. துணியை எடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. வாசலில் நின்று நனைந்தேன். சம்பந்தி தன் வீட்டு வாசலில் நனைந்துகொண்டே, "உன் பொண்ணு ராசிக்காரிடீ!" என்று கத்தினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மழை சற்று விட்டதும், வெளிச்சம் இருக்கும்போதே நானும் அவரும் தோட்டத்துக்குப் போனோம். தூரத்திலிருந்தே சத்தம் கேட்டது. குட்டைக்குள் எங்கள் தவளை கத்திக்கொண்டிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் அடையாளமே தெரியவில்லை. பச்சை உடம்பு எலுமிச்சம்பழ மஞ்சளாக மாறியிருந்தது. தொண்டையின் இரண்டு பக்கமும் நீல நிறத்தில் பை பையாக உப்பி உப்பி அடங்கியது. இடுப்பில் மஞ்சள் கயிறு. கத்துவது எங்கள் பெண்!

"ஏங்க, ஆம்பளத் தவக்களை தானுங்களே கத்தும்?" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். சின்னதாக இருந்தது என்று நாங்கள் பெண்ணாக்கியது ஆண். குண்டாக இருந்தது என்று மாப்பிள்ளையாக்கியது பெண். வயிறு வலிக்கச் சிரித்தோம். அங்கிருந்தே சம்பந்திக்குப் போன் போட்டு, "அக்கா, நீதான் பொண்ணு வூடு, நாந்தான் மாப்ள வூடு! போட்ட சீரையெல்லாம் திருப்பிக் குடு" என்றேன்.

சிரித்துக்கொண்டு நிற்கும்போதே ஒன்று கவனித்தேன். நனைந்த வயலிலிருந்தும், வரப்பிலிருந்தும், அதுவரை எங்கே ஒளிந்திருந்தனவோ, தவளைகள் வந்துகொண்டிருந்தன. பெரியதும் சின்னதுமாக, வேலிக் கம்பிக்கு அடியில் புகுந்து, கரையில் ஏறி, தொப் தொப்பென்று குட்டைக்குள் குதித்தன. ஊரே தேடிக் கிடைக்காத தவளைகள், அவன் கூப்பிட்டதும் வந்துவிட்டன. "கண்ணாலத்துக்கு வராத சொந்தமெல்லாம் இப்பத்தான் வருது பாரு" என்றார் அவர். நான் அதையும் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தேன். மறுபடி மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு ஓடிவந்துவிட்டோம்.

மறுநாள் விடிந்ததும் பூவுக்கு ஏதாவது சேதமா என்று பார்க்கப் போனேன். குட்டையிலிருந்து நேற்றைய சத்தம் இல்லை. ஒன்றிரண்டு குரல்தான், அதுவும் விட்டுவிட்டு. அதைத் தவிர, என்னவோ சரக் சரக்கென்று ஒரு சத்தம். வேலிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன்.

ஷீட்டை ஒட்டி, நான்கு பக்கமும் தவளைகள். முன்னங்காலை ஷீட்டின்மேல் வைத்து உந்தும், கொஞ்சம் ஏறும், வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போகும். அந்தச் சத்தம்தான் அது. திரும்பவும் வரும், திரும்பவும் உந்தும். ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிக்கொண்டு, கீழே இருப்பது மூழ்குவது தெரியாமல் மேலே இருப்பது உந்துகிறது. நடுவில் வெள்ளை வெள்ளையாக மிதந்தவை என்னவென்று முதலில் எனக்குப் புரியவில்லை. செத்த தவளைகளின் வயிறு.

தவளைதானே, தண்ணீரிலேயே இருக்கிற உயிர்தானே, அது எப்படித் தண்ணீரில் சாகும்? நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதற்கும் கால் ஊன்ற ஒரு கரை வேண்டும், களைத்தால் ஏறி உட்கார ஓர் இடம் வேண்டும் என்பது எனக்கு அந்தக் காலையில்தான் தெரிந்தது. அதுவரை குட்டையில் அடித்தண்ணீர்தான், ஜோடிக்கு வண்டலில் கால் எட்டியிருக்கும்; ராத்திரி மழை அதையும் ஆழமாக்கிவிட்டது.

கையில் இருந்த கூடையை எறிந்துவிட்டுக் குனிந்து ஒன்றைத் தூக்கப் போனேன். பின்னாலேயே ஓடிவந்த என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"கை வெக்காதே! அன்னிக்கே சொன்னாங்க இல்ல? நீ எடுக்கறதை எவனாச்சும் வீடியோ எடுத்துப் போட்டா, மறுபடியும் தவக்களை பிடிக்கறாங்கன்னு கேஸு வரும்."

"சாவுதுங்க! செத்தா மட்டும் கேஸு வராதா?"

"நம்ம கொல்லலியே. அதுவா வந்து வுழுந்துச்சு. இரு, அவருக்கே போன் போடறேன். அவரு சொன்னா எடுக்கலாம்."

அவர் கெட்டவர் இல்லை. நாய்க்குட்டிக்கு அடிபட்டாலும் சோறு இறங்காத மனிதர். பயம் மனிதனை என்னவெல்லாம் பேச வைக்கிறது பாருங்கள். அவரை மட்டும் சொல்லி என்ன? நானும்தான் கையை இழுத்துக்கொண்டேன். பிள்ளைகள் முகம் கண்முன் வந்துவிட்டது.

போன் போகவில்லை. மறுபடி போட்டார், போகவில்லை. மோட்டார் கொட்டகையில், பூ மூட்டை கட்டுவதற்காக அடுக்கிவைத்திருந்த சாக்குகளின்மேல் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் குட்டை முழுசாகத் தெரியும். பார்க்கக் கூடாது என்று திரும்பிக்கொண்டால் சத்தம் கேட்கும். சம்பந்தி ஓடிவந்தாள். வேலி ஓரம் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் கேஸ் பயம். அந்த வீடியோவில் அவளும்தானே இருந்தாள்?

வெயில் ஏற ஏற, சரக் சரக் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. எங்கள் பையன், மஞ்சள் கயிறு கட்டியவன், ஒரு மூலையில் ஒருதரம் கத்தினான். அப்புறம் கத்தவில்லை. "யாராவது வாங்களேன், யாராவது எடுக்கலாம்னு சொல்லுங்களேன்" என்று மனசுக்குள் புலம்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தை நினைத்தால் இன்னும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

உச்சிவேளை ஆவதற்குக் கொஞ்சம் முன்பு வனக்காவலர் பைக்கில் வந்தார். அதியமான்கோட்டைப் பக்கம் மழையில் மரம் விழுந்து, அதை வெட்டி அகற்றிக்கொண்டிருந்தாராம். போன் நனைந்து அணைந்துவிட்டதாம். போனை உலர்த்திப் போட்டதும் வரிசையாக எங்கள் நம்பரைப் பார்த்துவிட்டு நேராக வந்திருக்கிறார். போனில் கேட்ட குரலுக்கு வயதான ஆளாக நினைத்திருந்தோம். என் பெரிய பையனைவிட நாலைந்து வயது கூட இருந்தால் அதிகம்.

குட்டையைப் பார்த்ததும் அவர் கத்தவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏறி வர்றதுக்கு ஒண்ணுமே வெக்கலீங்களா?"

"நீங்கதானுங்களே சார், கை வெக்கக் கூடாதுன்னீங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அண்ணா, அதுங்க பொழைக்கணும்னு தாங்ணா சட்டம். சாவறதைப் பார்த்துட்டு நிக்கறதுக்கு இல்ல" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிறகு அவரே, "நானும் போன்ல கொஞ்சம் வெரட்டிட்டேன்" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டுக் கேட்டார்.

"சாக்கு இருக்குதுங்களா?"

நான் எழுந்தேன். அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

சாக்குகளை ஒன்றோடொன்று முடிந்து, ஒரு முனையை வேலிக்கம்பியில் கட்டி, மறுமுனையைத் தண்ணீரில் தொங்கவிட்டார். அவ்வளவுதான். தொங்கவிட்ட மறு நிமிடமே ஒரு தவளை வந்து சாக்கைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியது. பிறகு யாரும் சொல்லிக்கொடுக்காமல், மெல்ல மெல்ல ஏறிக் கரைக்கு வந்து, வேலிக்கு அடியில் புகுந்து சாமந்திக்குள் போய்விட்டது. அடுத்து இன்னொன்று. நான்கு பக்கமும் சாக்கைத் தொங்கவிட்டோம். ஏற முடியாமல் களைத்துப்போனதை எல்லாம் கூடையை விட்டு அள்ளினோம். கை வைக்கவே வேண்டியிருந்திருக்காது என்பதுதான் என் நெஞ்சைச் சுட்டது. விடிந்ததுமே நாலு சாக்கைத் தண்ணீரில் வீசியிருந்தால், எந்தச் சட்டம் எங்களை என்ன கேட்டிருக்கும்?

பிழைத்தவை கொஞ்சம்தான். செத்தவற்றை வலையால் இழுத்துக் கரையில் குவித்தோம். அவற்றில் அவனும் இருந்தான். எலுமிச்சை மஞ்சள் மங்கி, மண் நிறமாகிவிட்டிருந்தது. "இது என்னாங்க கயிறு?" என்று வனக்காவலர் கேட்டார். சம்பந்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நான் அவனை மடியில் வைத்துக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தேன். தண்ணீரில் ஊறி மூன்று முடிச்சும் இறுகிக் கிடந்தன. என் வீட்டுக்காரர் பூ அறுக்கும் கத்தியை நீட்டினார். வாங்கவில்லை. நகம் உடைந்தாலும் சரி என்று ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். உயிரோடு இருக்கும்போது அவிழ்க்க வந்தவள் கையைத் தட்டிவிட்டவள்தானே நான்?

மாப்பிள்ளையாக நாங்கள் ஜோடித்த அந்தப் பெரிய பெண் தவளையைக் குவியலில் காணவில்லை. ஏறிப் போனதில் அதுவும் இருக்கும் என்று சம்பந்தி சொல்கிறாள். இருக்கட்டும், அப்படியே நம்பிக்கொள்கிறேன்.

வனக்காவலர் கிளம்பும்போது, மழைக்காலத்தில் இந்தத் தவளைகள் வயல் பூச்சிகளைத் தின்றுதான் வாழ்கின்றன, நாம் மருந்தடிக்கிற வேலையில் பாதியை அவை சத்தமில்லாமல் செய்துவிடும் என்றார். மறுநாளே என் வீட்டுக்காரர் தோட்டத்து மூலையில், ஷீட் போடாமல், சரிவான கரை வைத்து ஒரு சின்ன மண்குட்டை வெட்டினார். ஊரில் மற்ற பண்ணைக்குட்டைக்காரர்களிடமும் சம்பந்தியும் நானும் போய்ச் சொன்னோம். சிலர் சாக்கு கட்டினார்கள். சிலர், "தவக்களைக்கு ஏணியா?" என்று சிரித்தார்கள். எங்களைவிட நன்றாகச் சிரித்தவர்கள் ஊரில் யார் இருக்கிறார்கள்?

போன வருடமும் மழை வந்தது. கல்யாணம் எதுவும் செய்யாமலே வந்தது. மண்குட்டைப் பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு குரல் கேட்டது. அதற்குப் பதில் குரல் வருகிறதா என்று இருட்டுகிறவரைக்கும் பார்த்தேன். வரவில்லை. அன்று அவன் குரலுக்கு வயல் முழுக்கப் புறப்பட்டு வந்த கூட்டம் கண்முன் வந்துபோனது.

இப்போதெல்லாம் மழைவாசம் அடித்ததும் ஊரே வானத்தைப் பார்க்கிறது; நான் மட்டும் நான்கு பக்கமும் சாக்கு சரியாகத் தொங்குகிறதா என்று பார்க்கக் குட்டைக்கு ஓடுகிறேன், அது தேவைப்பட்ட அந்தக் காலையில் அதன்மேல் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தவள் நான் என்பதால்.